கொழுப்பமிலங்களும் பல்லில் ஒட்டும் பாக்டீரியாக்களும்: மியான்மர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாங்கோனிலும் பகோவிலும் மோல்மேனிலும் உள்ள நம் வீடுகளில் காலையில் நல்லெண்ணெய் கொப்பளிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாகுவே வட்டாரத்து எள்ளும் நிலக்கடலையும் செக்குக்குப் போய் எண்ணெயாகி வரும் நாட்டில் வாழ்வதால், எண்ணெய் பல்லுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி நமக்கு இயல்பாகவே எழுகிறது. அதை ஒட்டி வரும் கேள்விகளுக்கு, இதுவரை தெளிவாகத் தெரிந்தவற்றைக் கொண்டு விடை எழுதியிருக்கிறேன்.

எண்ணெய் கொப்பளித்தால் பல்லில் பாக்டீரியா ஒட்டாது என்பது உண்மையா?

அப்படியே உண்மை என்று சொல்ல முடியாது. சில கொழுப்பமிலங்கள் பாக்டீரியாவைக் கொல்கின்றன, சில அவை ஒட்டுவதைக் குறைக்கின்றன. இது ஆய்வகத்தில் பலமுறை காட்டப்பட்ட செய்தி. ஆனால் நாம் வாயில் ஊற்றும் எண்ணெயில் அந்தக் கொழுப்பமிலங்கள் தனித்து இருப்பதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், எண்ணெயைப் பற்றிச் சொல்லப்படும் பெரும்பாலான பேச்சுகளை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

பாக்டீரியா முதலில் பல்லில் எப்படி ஒட்டுகிறது?

நன்றாகத் துலக்கிய பல்லின் எனாமல் சில நிமிடங்கள்கூட வெறுமையாக இருப்பதில்லை. உமிழ்நீரில் உள்ள புரதங்கள் அதன் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. புரோலின் நிறைந்த புரதங்கள், ஸ்டாதெரின், மியூசின், அமிலேஸ் ஆகியவை அதில் இருக்கின்றன. அவற்றோடு சிறிதளவு கொழுப்புப் பொருள்களும் கொழுப்பமிலங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆகவே பாக்டீரியா ஒட்டுவது பல்லின் மேல் அன்று, இந்தப் படலத்தின் மேல்தான். முதலில் வந்து சேர்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஓராலிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மிட்டிஸ் போன்றவையும் ஆக்டினோமைசஸ் இனங்களும் ஆகும். இவற்றின் மேற்பரப்பில் உள்ள ஒட்டுப் புரதங்கள் உமிழ்நீர்ப் புரதங்களைத் தேடிப் பற்றுகின்றன. தண்ணீரை விலக்கும் தன்மையும் இதில் பங்கு வகிக்கிறது. தண்ணீரை விரும்பாத இரு பரப்புகள் ஒன்றையொன்று நெருங்கினால் எளிதில் பிரிவதில்லை.

இந்த முதல் வரிசையின் மேல் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியாட்டம் என்னும் நீண்ட பாக்டீரியா வந்து பாலமாக நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, ஈறு நோயில் பெரும்பங்கு உடைய போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்றவை பின்னர் குடியேறுகின்றன. இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து, தாமே சுரக்கும் பசைக்குள் வாழும் கூட்டத்தைத்தான் உயிர்ப்படலம் என்கிறோம். காலையில் நாக்கால் தடவும்போது பல்லின் மேல் சொரசொரப்பாகவோ வழவழப்பாகவோ தட்டுப்படுவது அதுவே.

பல் சொத்தையோடு பெரிதும் பேசப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-ஆம் ஆண்டில் கிளார்க் என்பவர் இதை முதன்முதலில் விவரித்தார். சர்க்கரை கிடைத்துவிட்டால் இது குளுக்கோசைல்டிரான்ஸ்ஃபரேஸ் என்னும் நொதிகளைக் கொண்டு, தண்ணீரில் கரையாத குளுக்கான் பசையை உண்டாக்கிவிடும். முதலில் ஏற்படும் பிடிப்பு தளர்வானது, கழுவினால் போகக்கூடியது. பசை உருவான பிறகு அது துலக்கித் தேய்த்தால் ஒழியப் போகாது. கொழுப்பமிலங்கள் இந்தக் கதையில் எந்தக் கட்டத்தில் குறுக்கிடுகின்றன என்பதே உண்மையான கேள்வி.

எண்ணெயும் கொழுப்பமிலமும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய அனைத்திலும் கொழுப்பமிலங்கள் மூன்று மூன்றாகக் கிளிசராலோடு பிணைந்து டிரைகிளிசரைடு என்னும் வடிவில் இருக்கின்றன. அந்தப் பிணைப்பு அறுந்து கொழுப்பமிலம் தனித்தால்தான் அதன் அமில முனை வெளிப்பட்டுப் பாக்டீரியாவின் சவ்வுக்குள் நுழைய முடியும். அறுக்கும் வேலையை லைபேஸ் என்னும் நொதி செய்கிறது. குடலில் அது தாராளமாக உண்டு. மனித வாயில் மிகக் குறைவு. கால்மணி நேரம் கொப்பளித்தாலும் எண்ணெய் பெரும்பாலும் எண்ணெயாகவே வெளியே வருகிறது.

இதைத் தெளிவாக்கிய ஒரு சோதனையை எப்போதும் நினைவில் வைத்திருக்கலாம். அயர்லாந்தின் அத்லோன் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2012-இல் தேங்காய் எண்ணெயை இரு விதமாகச் சோதித்தார்கள். அப்படியே எடுத்த எண்ணெய் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. நொதிகளால் செரிக்கப்பட்ட அதே எண்ணெய், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் உட்படப் பலவற்றைத் தடுத்தது. தேங்காய் எண்ணெய் எல்லாக் கிருமிகளையும் கொல்லும் என்று சொல்லி விற்பவர்கள், செரித்த எண்ணெயின் பெருமையைச் செரிக்காத எண்ணெய்க்குச் சூட்டிவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் குழப்பம். ஏனெனில் அதை நம்பித் துலக்குவதைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாக் கொழுப்பமிலங்களும் ஒரே அளவு வலிமை உடையவையா?

இல்லை. சங்கிலியின் நீளமும் இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையுமே வலிமையைத் தீர்மானிக்கின்றன. நிறைவுற்ற, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாத, கொழுப்பமிலங்களுள் 12 கரிம அணுக்கள் கொண்ட லாரிக் அமிலமே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உள்ளிட்ட கிராம்-பாசிட்டிவ் வகைப் பாக்டீரியாக்களுக்கு எதிராக மிக வலிமையானது என்பதை ஜான் கபாராவும் உடன் ஆய்ந்தவர்களும் 1972-இல் காட்டினார்கள். கிளிசராலோடு ஒரே ஒரு லாரிக் அமிலம் மட்டும் இணைந்த மோனோலாரினும் வலிமை மிக்கது. தேங்காய் எண்ணெயில் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம்தான். அதனால்தான் அதைச் சுற்றி இவ்வளவு பேச்சு. 16, 18 கரிமம் கொண்ட நிறைவுற்ற பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்களுக்கு இந்த ஆற்றல் மிகக் குறைவு. அதே நீளத்தில் இரட்டைப் பிணைப்பு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது: ஒலியிக் அமிலத்தைவிட லினோலியிக் அமிலம் பொதுவாக வலிமையானது. நல்லெண்ணெயில் இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன, கடலை எண்ணெயில் ஒலியிக் அமிலம் மிகுதி. மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 வகைகளும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் ஆகியவற்றை ஆய்வகத்தில் அடக்கியிருக்கின்றன.

நம் உடலே இந்த ஆயுதத்தைக் கொஞ்சம் வைத்திருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. மனிதத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டாக்கும் சேப்பியனிக் அமிலமும் லாரிக் அமிலமும் வாய்ச் சவ்விலும் உமிழ்நீரிலும் காணப்படுகின்றன; இரண்டுமே போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸைத் தாக்குகின்றன.

கொழுப்பமிலம் பாக்டீரியாவை எப்படித் தாக்குகிறது, எப்படி ஒட்டவிடாமல் செய்கிறது?

கொல்வதும் ஒட்டவிடாமல் செய்வதும் வேறு வேறு செயல்கள். கொல்லும்போது, கொழுப்பமிலம் பாக்டீரியாவின் சவ்வுக்குள் செருகிக்கொண்டு அதை நெகிழச் செய்கிறது. சவ்வின் இரு புறமும் காக்கப்பட வேண்டிய புரோட்டான் அளவு வேறுபாடு குலைகிறது, ஆற்றல் உற்பத்தி தடுமாறுகிறது, உள்ளிருக்கும் பொருள்கள் கசிகின்றன. அமிலத்தன்மை கூடும்போது கொழுப்பமிலம் மின்னூட்டம் இல்லாத வடிவத்தில் அதிகம் இருப்பதால் சவ்வுக்குள் எளிதில் புகுகிறது. நடுநிலையான உமிழ்நீரில் லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி மின்னூட்டம் பெற்றே இருக்கும்.

ஒட்டவிடாமல் செய்வதில் மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது, கொல்லாத சிறு அளவிலேயே குளுக்கான் உண்டாக்கும் நொதிகளை அடக்குவது. ஒலியிக், லினோலியிக் அமிலங்கள் குளுக்கோசைல்டிரான்ஸ்ஃபரேஸைத் தடுப்பதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. இரண்டாவது, பல்லின் மேல் உள்ள உமிழ்நீர்ப் படலத்தின் தன்மையையே மாற்றுவது. மூன்றாவது, பாக்டீரியாவின் வெளிப்பரப்பில் தானே படிந்து அதன் தண்ணீர் விலக்கும் தன்மையை மாற்றிவிடுவது. இந்த மூன்றில் முதலாவதையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஏனெனில் கொல்லாமல் பசையை மட்டும் நிறுத்தும் ஒன்று, வாயில் இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியாக்களை அழிக்காமல் விட்டுவிடும்.

ஆய்வகத்தில் இதை எப்படி அளக்கிறார்கள்?

96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு குழியிலும் சர்க்கரை சேர்த்த ஊடகமும் பாக்டீரியாவும் இடுவார்கள். கொழுப்பமிலம் தண்ணீரில் கரையாததால் அதைச் சிறிது எத்தனாலிலோ டைமெத்தில் சல்ஃபாக்சைடிலோ கரைத்து, வெவ்வேறு அளவுகளில் சேர்ப்பார்கள். கரைப்பான் மட்டும் சேர்த்த குழிகளும் தவறாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எத்தனால் செய்த வேலையைக் கொழுப்பமிலத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரு நாள் 37 டிகிரி வெப்பத்தில் வைத்த பிறகு திரவத்தைக் கவிழ்த்துவிட்டு மெதுவாகக் கழுவுவார்கள். ஒட்டாதவை போய்விடும்; ஒட்டியவை அடியிலும் சுவரிலும் நிற்கும். அதன் மேல் கிரிஸ்டல் வயலட் சாயத்தை ஊற்றி, மீண்டும் கழுவினால் உயிர்ப்படலம் தடித்த குழி ஆழ்ந்த ஊதாவாகவும், ஒட்டாத குழி கிட்டத்தட்ட நிறமில்லாமலும் தெரியும். சாயத்தைக் கரைத்து எடுத்து, ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கருவியில் பார்ப்பார்கள்.

எளிய முறைதான், ஆனால் இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. சாயம் இறந்ததையும் உயிருள்ளதையும் பசையையும் பிரித்தறியாது. குழியில் நிறம் குறைந்தால் பாக்டீரியா ஒட்டவில்லை என்றும் பொருள் கொள்ளலாம், வளரவே இல்லை என்றும் பொருள் கொள்ளலாம். வளர்ச்சியைக் குறைக்காத அளவில் ஒட்டுதல் குறைகிறதா என்று தனியே பார்த்த ஆய்வையே நம்ப வேண்டும். இன்னொன்று, பிளாஸ்டிக் பல் அன்று. எனாமலின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டில் செய்து உமிழ்நீர் பூசிய வில்லைகளில் செய்த சோதனைகள் வாய்க்குச் சற்று நெருக்கமானவை. ஒரு கட்டுரையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

ஆய்வகத்தில் பலித்தது வாயில் ஏன் பலிப்பதில்லை?

வாய் ஓயாது ஓடும் இடம். உமிழ்நீர் நாள் முழுதும் சுரந்து எதையும் தங்கவிடாமல் விழுங்க வைக்கிறது. உமிழ்நீர்ப் புரதங்கள் கொழுப்பமிலத்தைப் பிணைத்துக்கொள்கின்றன. கால்சியம் அதோடு சேர்ந்து கரையாத சோப்பாக மாற்றிவிடுகிறது. மேலும் நன்கு முதிர்ந்த உயிர்ப்படலத்தின் உட்பகுதியிலுள்ள பாக்டீரியா, தனியே மிதப்பதைவிடப் பல மடங்கு தாங்கும் திறன் உடையது.

ஜெர்மனியில் கிறிஸ்தியான் ஹன்னிக் குழுவினர் எனாமல் துண்டுகளைத் தொண்டர்களின் வாயில் பொருத்தி, உண்ணக்கூடிய எண்ணெய்களால் கொப்பளிக்க வைத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான அதன் முடிவு, எண்ணெய் எனாமலில் பாக்டீரியா குடியேறுவதைக் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறைக்கவில்லை என்பது. உயிருள்ள வாயில் செய்த அளவீடு என்பதால், நூறு பிளாஸ்டிக் தட்டுகளைவிட இதற்கே அதிக எடை தருகிறேன்.

அப்படியானால் நல்லெண்ணெய் கொப்பளிக்கும் வழக்கத்துக்குப் பயனே இல்லையா?

பயனே இல்லை என்று சொல்வதும் அவசரமாகும். சென்னையில் அசோகன் குழுவினர் 2008-இலும் 2009-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், நல்லெண்ணெயால் கொப்பளித்த இளவயதினரிடம் பற்படலமும் ஈறு வீக்கமும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் எண்ணிக்கையும் குறைந்தன. ஒவ்வொன்றிலும் கலந்துகொண்டவர்கள் 20 பேர் மட்டுமே என்பதால், ஊருக்கெல்லாம் பொருந்தும் முடிவாக அதைக் கொள்ள முடியாது.

குறைந்தது எப்படி என்பதற்கு, கொழுப்பமிலத்தைக் காட்டிலும் எளிய காரணங்கள் உண்டு. நெடுநேரம் அலசும் அசைவே தளர்வாக ஒட்டியதைப் பெயர்க்கும். அடுத்து, தண்ணீர் விலக்கும் பாக்டீரியா எண்ணெய்த் துளியின் பரப்பில் போய்ப் படியும். இஸ்ரேலைச் சேர்ந்த மெல் ரோசன்பெர்க் 1980-இல் இந்தப் பண்பையே பாக்டீரியாவை அளக்கும் முறையாக்கினார். பின்னர் எண்ணெயும் தண்ணீரும் இரு அடுக்காக நிற்கும், குலுக்கிப் பயன்படுத்தும் மவுத்வாஷ் வகைகள் அதிலிருந்து பிறந்தன. துப்பும்போது துளிகளோடு பாக்டீரியாவும் வெளியே போகிறது. கொல்லாமலே எடுத்துச் செல்லும் இந்த வேலை எண்ணெய்க்குப் பொருத்தமானது.

பாக்டீரியா கொழுப்பமிலத்தைத் தன் நன்மைக்கும் பயன்படுத்துமா?

நன்றாகவே பயன்படுத்தும். இந்தப் பகுதிதான் பொதுப் பேச்சில் முழுவதும் விடுபட்டுப் போகிறது. அமிலம் கூடக் கூடக் குறையும் pH என்னும் அளவு வாயில் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்கும். அந்த அமிலத்தை உண்டாக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸே அதைத் தாங்க வேண்டும். அதற்காகத் தன் சவ்வில் நீண்ட, ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புடைய கொழுப்பமிலங்களின் விகிதத்தைக் கூட்டிக்கொள்கிறது. இந்த மாற்றத்துக்கு வேண்டிய ஃபேப்-எம் என்னும் நொதியின் மரபணுவை நீக்கியபோது அமிலத்தைத் தாங்கும் வலிமை குன்றியது. எலிகளில் சொத்தை உண்டாக்கும் ஆற்றலும் குறைந்தது.

கொழுப்பமிலம் செய்தி சொல்லும் பொருளாகவும் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் வெளியிடும் டிரான்ஸ்-2-டெசினோயிக் அமிலம், கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூஞ்சை இழையாக நீளாமல் தடுக்கிறது. சூடோமோனாஸ் எருஜினோசா என்னும் பாக்டீரியா வெளியிடும் சிஸ்-2-டெசினோயிக் அமிலம், கட்டிய உயிர்ப்படலத்தையே கலைத்து விடுகிறது.

குறுகிய சங்கிலி உடைய புரொப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களோ வேறு கதை. ஈறு இடுக்கில் வாழும் காற்றில்லாப் பாக்டீரியாக்கள் இவற்றை உண்டாக்குகின்றன. பியூட்டிரிக் அமிலம் ஈறுத் திசுவின் செல்களுக்குக் கேடு செய்கிறது. ஆக்டினோமைசஸ் இனங்கள் உயிர்ப்படலம் கட்டுவதை இத்தகைய குறுஞ்சங்கிலி அமிலங்கள் கூட்டுவதாகவும் ஆய்வகச் சோதனைகள் உண்டு. ஆகவே கொழுப்பமிலம் பல்லுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வது பொருந்தாது. எது, எங்கே, எவ்வளவு என்று கேட்டே பேச வேண்டும்.

வெற்றிலை போடுபவர்களுக்கு இதில் என்ன செய்தி?

பாக்கின் கொழுப்பிலும் லாரிக், மிரிஸ்டிக் அமிலங்கள் இருக்கின்றன. அதைக் காட்டி வெற்றிலை பல்லைக் காக்கும் என்று தெருவோரத்துக் கூன்யா (வெற்றிலை) கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுண்ணாம்பின் கால்சியம் கொழுப்பமிலத்தைப் பிணைத்துவிடும், பற்காரை கட்டவும் துணைபோகும். சொரசொரப்பான காரை, புதிய பாக்டீரியா குடியேற வாகான பரப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்குவதாக உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. வாயில் வெண்படலமோ, திறக்க முடியாத இறுக்கமோ, ஆறாத புண்ணோ இருந்தால் எண்ணெயை நாடாமல் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். யாங்கோனிலும் மண்டலேயிலும் பல் மருத்துவப் பல்கலைக்கழகங்கள் உள்ளன.

லபெத்தும் டீக்கடைத் தேநீரும் எப்படி?

எண்ணெய் கலந்த லபெத், அதாவது புளிக்கவைத்த தேயிலைக் கலவை, உயிர்ப்படலத்தைப் பொறுத்தவரை கவலைக்கு உரியது அன்று. தேயிலையின் பாலிபீனால்களும் குளுக்கான் நொதிகளை ஓரளவு தடுப்பவையே. கவலைக்கு உரியது கெட்டிப்பால் ஊற்றிய தேநீர்தான். ஒரு குவளையை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருப்பது, பசை உண்டாக்கும் நொதிக்கு மணிக்கணக்கில் சர்க்கரை கொடுப்பதாகும். பனைவெல்லமும் பெரும்பகுதி சுக்ரோஸே. வெள்ளைச் சர்க்கரையை விட்டு அதற்கு மாறுவதால் பல்லுக்கு ஆதாயம் இல்லை. எந்தக் கொழுப்பமிலமும் இந்தச் சர்க்கரையை ஈடுகட்டாது.

கொப்பளிக்க விரும்பினால் எப்படிச் செய்வது? யார் தவிர்க்க வேண்டும்?

ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக அலசி, துப்பிவிட்டுத் தண்ணீரால் கழுவுங்கள்; விழுங்கக் கூடாது. பிறகு ஃபுளோரைடு கலந்த பற்பசையால் துலக்குங்கள். தௌங்ஜி போன்ற மலையூர்களில் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது இயல்பே, கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரலில் கொழுப்பு நிமோனியா வரலாம். கொப்பளித்தவர்களுக்கே அப்படி வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. ஆகவே சிறு குழந்தைகளும், பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களும், படுக்கையில் இருப்பவர்களும் இதைச் செய்யவே கூடாது. பாட்டி சொன்னார்கள் என்பதற்காகக் குழந்தையின் வாயில் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

பல்செட் போட்டவர்களுக்கு?

பல்செட்டின் அக்ரிலிக் பரப்பில் கேண்டிடா எளிதில் ஒட்டும். அண்ணம் சிவந்து எரியும். கேப்ரிக், லாரிக் அமிலங்கள் இந்தப் பூஞ்சையை ஆய்வகத்தில் கொல்கின்றன என்றாலும், பல்செட்டின் மேல் தேங்காய் எண்ணெய் தடவுவது அதைச் செய்யாது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்து துலக்குவதும் கடினமாகும். இரவில் கழற்றி, மிருதுவான பிரஷாலும் சோப்புத் தண்ணீராலும் தேய்த்துக் கழுவி, சுத்தமான தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டுப் படுங்கள். எரிச்சல் இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பூஞ்சைக்கான மருந்து வேண்டியிருக்கும், பல்செட்டின் அளவையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.